சிமாங்கின் அலமாரியில் ஒரு மத்தி டப்பா

சிமாங்குக்குக் கோபம் வந்தால் அது முதலில் தெரிவது அவள் மண்சட்டியின் மூடிக்குத்தான். அவள் மூடியை வைக்கிற சத்தத்தை வைத்தே, இரண்டு வீடு தள்ளி இருக்கிற நான் சொல்லிவிடுவேன், இன்றைக்கு யாருக்கோ நேரம் சரியில்லை என்று. ஞானஸ்நானத்தில் அவளுக்கு வைத்த பெயர் பெலிசிசிமா. பெருமகிழ்ச்சி உடையவள் என்று அர்த்தமாம். அந்தப் பாதிரியார் குழந்தையின் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

கல்யாணமாகி வந்த மூன்றாவது மாதம், "மீனுல உப்பு ஏறலை" என்று சொன்ன மாமியாரின் சட்டியைத் தூக்கி முற்றத்தில் போட்டு உடைத்தவள் அவள். மறுநாளே சந்தைக்குப் போய்ப் புதுச் சட்டி வாங்கிவந்து, அதில் மீனை வேகவைத்து, மாமியார் முன்னால் வைத்து, "இப்ப சொல்லுங்க" என்றாளாம். மாமியார் அதற்குப் பிறகு மருமகள் முன்னால் வாயைத் திறந்தது சாப்பிட மட்டும்தான். இந்தக் கதையை மாமியாரே ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தாள்.

சிமாங்கின் கோபத்தைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். நான் சிரிக்க மாட்டேன். அவள் வாழ்க்கையிலேயே பெரிய கோபம் வந்தது போன வருஷம். அதற்குக் காரணமானவர்களில் நானும் ஒருத்தி.

பத்தங்காஸ் கரையில் எங்கள் பக்கத்தில் சூரை மீன் என்றால் சிமாங். அவள் கடை எதுவும் வைத்திருக்கவில்லை. வீட்டுச் சமையல்தான். பின்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே அடுப்புக் கல், நான்கு சட்டி, தென்னை மட்டை விறகு. யார் வீட்டில் விசேஷமோ துக்கமோ, மீனை வாங்கிக்கொண்டு போய் அவளிடம் கொடுப்போம். கூலி வாங்க மாட்டாள். குறை சொன்னால் மட்டும் பொறுக்க மாட்டாள்.

அவள் மீன் சமைப்பதைப் பார்க்க வேண்டும். கை நீளம்கூட இல்லாத உருண்டைச் சூரை. குடலையும் செவுளையும் எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் கீறி, கல்லுப்பைத் தேய்த்து, பலகையில் வைத்து உள்ளங்கையால் அழுத்துவாள். உள்ளே முள் நெறிகிற சத்தம் கேட்கும். மீன் பழைய செருப்பு மாதிரி தட்டையாகிவிடும். பிறகு வால். வாலைப் பிடித்து ஒரு திருகு, ஒரு முறி, மெதுவாக ஓர் இழுப்பு. வெள்ளை நூல் போல ஒரு நரம்பு நீளமாக வெளியே வரும். அது வந்தால்தான் மீன் சுத்தம். அதை விட்டுவிட்டால் சாப்பிட்டவனுக்குத் தலை சுற்றும், முகம் சிவக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். எங்கள் ஊரில் இது தெரியாத ஆளே கிடையாது. வாலை எடுக்காமல் மீன் சமைக்கிறவளும், கழுவாத தட்டில் சோறு போடுகிறவளும் எங்களுக்கு ஒன்றுதான்.

பிறகு சட்டியின் அடியில் பன்றிக் கொழுப்புத் துண்டுகள், அதன்மேல் புளிப்புக்காக வெயிலில் காய்ந்து கறுத்த பிலிம்பிக்காய், அதன்மேல் வாழையிலையில் சுற்றிய மீன், முங்கும் அளவுக்குத் தண்ணீர். ஐந்து மணி நேரம் சின்னத் தீ. முள்கூட மெத்தென்று ஆகிவிடும். அடியில் தங்கும் புளித்த சாறைச் சோற்றில் ஊற்றிக்கொண்டால் வேறெதுவும் வேண்டாம். சிமாங்கின் புருஷன் தேபான் முப்பத்துநான்கு வருஷமாக அதைத்தான் சாப்பிடுகிறான். டிரைசைக்கிள் ஓட்டுகிற தேபானின் தொப்பை முழுக்க அந்தச் சட்டியிலிருந்து வந்தது என்று ஊரில் சொல்வார்கள். அவனும் தொப்பையைத் தட்டிக் காட்டி ஒப்புக்கொள்வான்.

போன வருஷம் என் மாமனார் இறந்து நாற்பதாம் நாள் ஜெபம். முப்பது பேருக்குச் சாப்பாடு. சிமாங்கிடம் சொன்னபோது, "நல்ல மனுஷன். நாலு சட்டியும் ஏத்தறேன். மீனை மட்டும் நீ பார்த்து வாங்கு, பாசியாங்" என்றாள்.

பார்த்துத்தான் வாங்கினேன். அதுதான் பிரச்சினை.

மீன் வாங்கியது ஈசிங்கின் கடையில். ஈசிங் என் இரண்டாவது மகளுக்கு ஞானத்தாய். அப்படி ஆகிவிட்டால் இரண்டு பெண்களும் ஒருவருக்கொருவர் 'மாரே'. கூடப்பிறந்தவளோடு சண்டை போடலாம், மாரேயோடு போட முடியாது. மாரேயின் கடையைத் தாண்டி அடுத்த கடையில் மீன் வாங்கினால் அது ஊருக்கே அறிவித்த விரோதம். அன்றைக்குக் காலையில் ஐஸ் வண்டி வரவில்லை. ஈசிங்கின் பெட்டிகள் சாலையோரத்தில் வெயிலில் கிடந்ததை, பூ வாங்கக் கோயில் பக்கம் போனபோது என் கண்ணாலேயே பார்த்தேன். திரும்பி வரும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. அப்போதுதான் ஐஸ் வந்து, அவள் வாளி வாளியாக அள்ளி மேலே கொட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன மாரே, இவ்வளவு நேரம் வெயில்லயா கிடந்தது?" என்று கேட்டேன்.

"சும்மா கொஞ்ச நேரந்தான். இப்ப பாரு, கல்லு மாதிரி இருக்கு. சிமாங் சட்டியில ஏறினா எல்லாம் சரியாயிடும். எடுத்துக்கோ மாரே, உனக்குன்னு ஒதுக்கி வச்சேன்."

எடுத்துக்கொண்டேன். மீன் சில்லென்றிருந்தது, கண் தெளிவாக இருந்தது, நாற்றம் இல்லை. சிமாங் ஒவ்வொரு மீனாகத் தூக்கி முகர்ந்து பார்த்தாள். பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"பிடிச்சதிலேர்ந்து ஐஸ்லேயே இருந்ததா?"

"ஆமாக்கா" என்றேன்.

ஒரே ஒரு சொல். அதைச் சொன்ன நாக்கை இன்றைக்கும் எனக்கு அறுத்துப்போடலாம் போலிருக்கிறது.

ஜெபம் முடிந்தது. இறந்தவருக்கு முதல் தட்டு வைத்தோம். பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள். அரை மணி நேரத்துக்குள் ஒருத்தர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். இன்னொருத்தி முகம் மிளகாய் மாதிரி சிவந்து, உடம்பெல்லாம் அரிக்கிறது என்று சொறிந்துகொண்டாள். எண்ணிப் பார்த்தால் பதினான்கு பேர். அன்றைக்கு ஒன்றும் ஆகாமல் நிம்மதியாக இருந்தது என் மாமனார் மட்டும்தான். தேபான் பெஞ்சில் மல்லாந்து படுத்து, நெஞ்சில் ஜெபமாலையை வைத்துக்கொண்டு, தன் சண்டைச் சேவலை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான். சுகாதார நிலையத்து நர்ஸ் ரோவெனா ஓடி வந்து மாத்திரை கொடுத்தாள். ராத்திரிக்குள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்து உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்தார்கள்.

முதலில் பேசியது ஈசிங். அதை என் காதால் கேட்டேன். "வால்தான். வேற என்ன? முப்பது மீன்ல நாலஞ்சுக்கு வாலை இழுக்க மறந்திருப்பா. வயசாகுதுல்ல சிமாங்குக்கு."

அவ்வளவுதான். மறுநாள் காலையில் ஊர் முழுக்க அதே பேச்சு. மீனைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை, வெயிலைப் பற்றிக் கேட்கவில்லை. முகம் சிவந்தது, நெஞ்சு அடித்தது, தலை சுற்றியது, அப்படியென்றால் வால்தான். எங்கள் ஆட்களுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தேவையே இல்லை. நான் என்ன செய்தேன் என்றால், வாயை மூடிக்கொண்டு பாத்திரம் துலக்கினேன். மாரேயைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம், வேறொன்றும் இல்லை.

மூன்றாம் நாள் நர்ஸ் ரோவெனா சிமாங்கின் வீட்டுக்கு வந்தாள். நல்ல பெண். சிமாங்கைச் சமாதானப்படுத்தலாம் என்று வந்தாள், பாவம்.

"அத்தை, நீங்க மனசுல வச்சுக்காதீங்க. வாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சூரை ஐஸ் இல்லாம வெயில்ல கிடந்தா உள்ளுக்குள்ள ஒரு விஷம் ஊறும். அப்புறம் ஐஸ் போட்டாலும் போகாது, அஞ்சு மணி நேரம் வேகவச்சாலும் போகாது. பார்த்தா தெரியாது, மோந்தாலும் தெரியாது. வாலை எடுத்தாலும் எடுக்காட்டியும் ஒண்ணுதான்."

நான் அங்கேதான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சிமாங்கின் முகம் தெளியும் என்று பார்த்தால், இன்னும் கறுத்தது.

"ஒண்ணுதானா?"

"ஆமா அத்தை."

"அப்ப முப்பத்தி நாலு வருஷமா நான் சும்மாவா இழுத்தேன்? ஊர் சொல்லுது நான் வாலை எடுக்கலைன்னு. நீ சொல்றே எடுத்தாலும் பிரயோஜனம் இல்லைன்னு. நல்லாயிருக்குடி உங்க நியாயம்! ஒருத்தி என் கையைக் குறை சொல்றா, இன்னொருத்தி என் கையே வேண்டாங்கறா. போ, போய் ஊசி போடற வேலையைப் பாரு!"

சட்டி மூடி விழுந்த சத்தத்தில் தேபானின் சேவல் கூவியது. ரோவெனா செருப்பைச் சரியாகப் போடாமலேயே போனாள்.

இதுகூடப் பரவாயில்லை. ஊர் என்ன சொன்னாலும் சிமாங் தாங்கியிருப்பாள். ஊரோடு சண்டை போடுவது அவளுக்குக் காலையில் காப்பி குடிக்கிற மாதிரி. அவளால் தாங்க முடியாத காரியத்தைச் செய்தது தேபான்.

ஜெபத்துக்கு அடுத்த நாள் மத்தியானம் அவன் பெட்டிக்கடையிலிருந்து தக்காளிச் சாறு ஊற்றி அடைத்த மத்தி மீன் டப்பா ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். சிமாங்கின் மேஜையில் உட்கார்ந்து, சிமாங்கின் கத்தியாலேயே டப்பாவைத் திறந்து, சோற்றில் கொட்டி, எங்கள் பக்கத்து வழக்கப்படி மேலே சூடான காப்பியையும் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டான். அடுப்பில் அவள் சட்டி வெந்துகொண்டிருந்தது. கேட்டதற்கு, வயிறு சரியில்லை என்றான். மறுநாளும் ஒரு டப்பா. அதற்கு மறுநாளும். நான்காவது நாள் சிமாங் அவன் எதிரில் வந்து நின்றாள்.

"என் கையால சாப்பிட பயமா இருக்கா உனக்கு?"

தேபான் நல்லவன்தான். நல்லவர்கள் சில சமயம் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. "பயமில்ல சிமாங். முப்பது மீன்ல ஒண்ணு ரெண்டு விட்டுப்போயிருக்கலாம்ல? நீயும் மனுஷிதானே. கொஞ்ச நாள் போகட்டும்னுதான்..." என்றான்.

அவள் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அடுப்பில் இருந்த சட்டியை இறக்கி, மூடியைச் சத்தமில்லாமல் வைத்தாள். அன்றைக்கு நான் முருங்கைக்கீரை கொண்டுபோய்க் கொடுக்கப் போயிருந்தேன். என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னாள்.

"ஊர்க்காரன் சாப்பிடலைன்னா எனக்கு மயிராச்சு. இவன் என் மேஜையில உட்கார்ந்து டப்பாவைத் திறக்கறான், பாசியாங். நான் செத்துட்டா இவன் டப்பாவைத் திறக்கட்டும். உயிரோட இருக்கேன். அடுப்பு எரியுது. இவன் என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டே பொண்டாட்டி இல்லாதவன் மாதிரி சாப்பிடறான்."

அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. அது புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள். நான் கீரையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அப்போதும் சொல்லவில்லை. என்னை எதைக் கொண்டு அடிப்பது?

சனிக்கிழமை மத்தியானம் சந்தையில் நல்ல கூட்டம். சிமாங் ஈசிங்கின் கடைக்குப் போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ரெண்டு சூரை குடு" என்றாள். ஈசிங் மேலே அடுக்கியிருந்ததில் கை வைத்தாள்.

"அது வேண்டாம். பலகைக்குக் கீழ ஒரு பெட்டி வச்சிருக்கியே, நேத்து மிச்சம். அதுலேர்ந்து குடு."

"அலா ஏ!" என்று ஈசிங் கையை விரித்தாள். "நேத்து மிச்சம் எதுவும் இல்ல என்கிட்ட."

"இருக்கு. உன் கால் அதுமேலதான் இருக்கு."

சுற்றி நின்றவர்கள் குனிந்து பார்த்தார்கள். ஈசிங் சிரித்துக்கொண்டே இரண்டு மீனை எடுத்துத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். சிரிப்பு வாயில் மட்டும்தான் இருந்தது. சிமாங் மீனைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் என் வீட்டுக்கு வாங்க. எல்லாரும்! எந்த வாலு யாரைக் கொல்லுதுன்னு பார்த்துடலாம்" என்றாள். அன்று ஊரில் வேறு பேச்சே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் முற்றம் கோயிலைவிட நிறைந்திருந்தது. பூசைக்கு வராதவர்கள்கூட இதற்கு வந்திருந்தார்கள். ரோவெனா இரத்த அழுத்தம் பார்க்கிற கருவியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஈசிங்கும் வந்திருந்தாள். வராவிட்டால் பயந்துவிட்டாள் என்று சொல்வார்களே. வாசல் படியில் தேபான், மடியில் சேவல்.

அடுப்பில் நான்கு சட்டியும் இருந்தன. ஒன்றிலிருந்து சிமாங் இரண்டு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்து வந்து மேஜையில் வைத்துப் பிரித்தாள். ஒரு மீனுக்கு வால் இருந்தது. இன்னொன்றுக்கு இல்லை. பக்கத்தில் சின்னத் தட்டில் அந்த வெள்ளை நரம்பையும் வைத்திருந்தாள்.

"எல்லாரும் நல்லா பாத்துக்கோங்க. இது இன்னைக்கு விடியக்காலம் படகு கரைக்கு வந்ததும் நானே இடுப்பளவு தண்ணியில நின்னு வாங்கினது. வாலைத் தொடவே இல்ல. நரம்பு உள்ளயே இருக்கு. இந்த இன்னொண்ணுக்கு வாலை முறையா இழுத்தாச்சு, நரம்பு இதோ. வால்தான் காரணம்னா நான் விழணும், ஈசிங் நல்லா இருக்கணும். ஈசிங், வா. உன் கடைக்கு நான் வந்தேன்ல, நீ என் மேஜைக்கு வா."

பிறகு உட்கார்ந்து, நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, வால் இருந்த மீனைப் பிட்டாள்.

நான் அவள் கையைப் பார்த்தேன். பிட்ட துண்டைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தரம் சிலுவை போட்டது. ரோவெனா சொன்னதை அவள் நம்பவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்கும் வால் என்றால் வால்தான். முப்பத்துநான்கு வருஷமாக வாலை நம்பியவள் ஒரு நாளில் மாறுவாளா? விஷம் என்று நம்பிக்கொண்டே சாப்பிட்டாள். அவ்வளவு கோபம் அவளுக்கு. நிறுத்து என்று நான் கத்தியிருக்க வேண்டும், கத்தவில்லை.

அவள் முழுமீனையும் சாப்பிட்டாள். தலையையும் உறிஞ்சினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தோம், சிவக்கிறதா என்று. கோபத்தில் அவள் முகம் காலையிலிருந்தே சிவந்துதான் இருந்தது, எதை வைத்துக் கண்டுபிடிப்பது? ரோவெனா கால் மணிக்கு ஒருதரம் நாடியைப் பிடித்துப் பார்த்து, "நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு" என்றாள். ஒரு மணி நேரம் போனது. ஒன்றும் ஆகவில்லை.

ஈசிங்கின் எதிரில் இருந்த மீன் ஆறிப்போயிருந்தது.

"ஏன் சாப்பிடல?" என்றாள் சிமாங்.

"காலையில வயிறு நிறைய சாப்பிட்டுட்டேன்."

"ஒரு வாய்."

"ஞாயித்துக்கிழமை நான் மீன் தொடறதில்ல."

பின்னாலிருந்து யாரோ, "மீன்காரி மீன் தொட மாட்டாளாம்டா!" என்றார்கள். முற்றம் முழுக்கச் சிரித்தது. சிமாங் சிரிக்கவில்லை. தட்டை ஈசிங்கின் பக்கம் இன்னும் நகர்த்தினாள்.

"வாலை எடுத்தாச்சு, ஈசிங். நரம்பைக் கண்ணால பார்த்தே. பிறகென்ன? ஊர் பூரா சொன்னியே, வாலை எடுத்தா மீன் சுத்தம்னு. உன் கடை மீன் உனக்கே இறங்க மாட்டேங்குதா?"

ஈசிங் எழுந்தாள். "என்னை அவமானப்படுத்தத்தான் கூப்பிட்டியா? என் மீன் ஐஸை விட்டு இறங்கினதே இல்ல. மாதா மேல சத்தியம். வேணும்னா என் மாரேயைக் கேளு. அவதானே வாங்கினா!"

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. சிமாங்கும் திரும்பினாள். அவள் கேட்டது அதே கேள்வி, அதே சொற்கள்.

"பிடிச்சதிலேர்ந்து ஐஸ்லேயே இருந்ததா, பாசியாங்?"

ஈசிங் என்னையே பார்த்தாள். ஞானஸ்நானத்தில் என் மகளைக் கையில் ஏந்தி நின்றவள். ஆனால் சற்று முன்னால் இரண்டாம் தரம் சிலுவை போட்ட அந்தக் கை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

"இல்லக்கா" என்றேன். "பத்து மணி வரைக்கும் ரோட்டோரம் வெயில்ல கிடந்தது. நான் பார்த்தேன். பார்த்துட்டும் வாங்கினேன். நீ கேட்டப்ப பொய் சொன்னேன்."

"மாரே!" என்று ஈசிங் கத்தினாள்.

"மாரேதான். அதனாலதான் இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நாசமாப் போச்சு என் மாரேத்தனம்."

சிமாங் எழுந்து ஈசிங்கின் முன்னாலிருந்த தட்டை எடுத்தாள். அந்த மீனில் ஒரு பெரிய துண்டைப் பிட்டுத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள். ரோவெனா, "அத்தை!" என்று பாய்ந்து வந்தாள்.

"சும்மா இரு. இதுவும் இன்னைக்குக் காலையில பிடிச்சதுதான். அவ கொடுத்த ரெண்டையும் வாழைமரத்தடியில குழி தோண்டிப் புதைச்சுட்டேன், பூனைக்குக்கூடப் போடல. என் சட்டியில அழுகினதையா வைப்பேன்? நல்ல மீன் ஈசிங் இது. உன் கடை மீன்னு நினைச்சதாலதானே உனக்குத் தொண்டையில இறங்கல? போ. இனிமே இந்த ஊர்ல உன் காலுக்கடியில இருக்கற பெட்டியைப் பார்க்காம யாரும் மீன் வாங்க மாட்டாங்க."

ஈசிங் போய்விட்டாள். பிறகு சிமாங் என்னிடம் வந்தாள். அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவ விக்கறவ, பொய் சொன்னா. நீ யாருடி? என் சட்டிக்கு மீன் கொண்டுவந்தவ. முருங்கைக்கீரையைத் தூக்கிக்கிட்டு வந்து நான் அழறதை நின்னு பார்த்தே. கீரை! உன் கீரையைக் கொண்டுபோய் உன் வாயில வை!"

அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

அதற்குள் ஜனங்கள் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் வரிசையில் நின்றுவிட்டார்கள். வாலைக் குறை சொன்ன அதே வாய்கள்தான். "சிமாங் அக்கா, எனக்குத் தெரியும் நீங்க அப்படிப்பட்டவங்க இல்லைன்னு" என்று ஒருத்தி. "எனக்கு அடிச்சாறு கொஞ்சம் கூட ஊத்துங்க" என்று இன்னொருத்தன். அவள் எல்லோருக்கும் போட்டாள். ஒவ்வொரு மீனையும் தட்டில் எறிகிற மாதிரிதான் போட்டாள், ஆனால் போட்டாள். கடைசியில் தேபான் வந்து நின்றான். சேவலை இறக்கிவிட்டு, சோறு நிறைந்த தட்டை இரண்டு கையாலும் நீட்டினான்.

சிமாங் உள்ளே போனாள். ஒரு மத்தி டப்பாவோடு வந்து, அதை அவன் சோற்றின் நடுவில் நட்டமாக நிறுத்தினாள்.

"நானும் மனுஷிதானே. மறந்துகிறந்து வாலை விட்டிருப்பேன். உனக்கு இதுதான் பத்திரம்."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. தேபான் அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு படியில் போய் உட்கார்ந்தான். அன்றைக்கு மட்டும் இல்லை. ஒன்பது நாள். இறந்தவருக்கு ஜெபம் படிப்பது போலக் கணக்காக ஒன்பது நாள், இரண்டு வேளையும், அவன் கேட்காமலேயே அவன் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவை வைத்தாள். எதிரில் உட்கார்ந்து, வாழையிலையைப் பிரித்து, வாசனை அவன் மூக்கில் ஏறும்படி, தான் மட்டும் சூரை சாப்பிட்டாள். தொப்பை வற்றிவிட்டது என்று டிரைசைக்கிள் ஸ்டாண்டில் அழாத குறையாகச் சொன்னானாம்.

பத்தாம் நாள் காலையில் தேபான் முழங்கால் வரை நனைந்த கால்சட்டையோடு படகுத்துறையிலிருந்து வந்தான். கையில் ஒரே ஒரு சூரை. அதன் வாலை அவனே இழுத்திருந்தான். இழுக்கத் தெரியாமல் இழுத்ததில் பாதி வயிறு கிழிந்து, சதை தொங்கி, அந்த மீன் நாய் கடித்ததுபோல இருந்தது. நரம்பைத் தனியாக ஒரு இலையில் சுற்றி வைத்திருந்தான். இரண்டையும் அவள் பலகையில் வைத்தான்.

"இப்படியா இழுப்பாங்க?" என்று சிமாங் கத்தியது என் வீடு வரை கேட்டது. "பாதி சதையைக் கடல்லயே விட்டுட்டு வந்திருக்கான்! முப்பத்தி நாலு வருஷம் பக்கத்துல உட்கார்ந்து என்னத்தைய்யா பார்த்தே? நகரு, நகரு!" அதற்குப் பிறகு உள்ளங்கையில் முள் நெறிகிற சத்தம் கேட்டது. மத்தியானம் அவன் தட்டில் அந்தக் கிழிந்த மீன் இருந்தது.

என்னோடு அவள் மூன்று மாதம் பேசவில்லை. இப்போது பேசுகிறாள். ஆனால் நான் மீன் கொண்டுபோனால் வாங்கிக்கொள்ளும் முன் என் முகத்தைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதில்லை. நானும் மணிக்கணக்கோடு பதில் சொல்கிறேன். மீனின் வாலை இன்னும் இழுக்கிறாள். ரோவெனா பார்த்தாலும் இழுக்கிறாள், பார்க்கும்போது இன்னும் வேகமாகவே இழுக்கிறாள்.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அலமாரியில் குழந்தை இயேசுவின் சுரூபத்துக்குப் பக்கத்தில், தேபான் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே, ஒரு மத்தி டப்பா திறக்காமல் இருந்தது. சிமாங் ஈரத்துணியால் முதலில் சுரூபத்தைத் துடைத்தாள், பிறகு டப்பாவைத் துடைத்தாள்.

"இன்னும் ஏன்கா இதை வச்சிருக்கே? பாவம் அந்த மனுஷன். மன்னிச்சு விட்டுடேன்" என்றேன்.

அவள் டப்பாவைத் திருப்பி, அடியில் அச்சடித்திருந்ததைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் படித்தாள்.

"கெட்டுப்போக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு" என்று சொல்லி, அதை இருந்த இடத்திலேயே வைத்தாள்.